வண்டியின் குளிர்சாதனம் பழுதானபோது



யாழ்ப்பாணத்திலிருந்து என் இல்லத்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், கண்டியின் விடியற்காலைக் குளிர் தாங்காது சால்வையைப் போர்த்திக்கொண்டு, "இந்த ஊரில் வசிக்கும் உமக்கு மோட்டார் வண்டியிலே குளிர்சாதனம் எதற்கு?" என்று வினவினார். வினா நியாயமானதே. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்த நகரம் இது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. கொழும்பாருக்கும் மட்டக்களப்பாருக்கும் தேவைப்படும் ஒன்றை நாம் ஆடம்பரத்துக்காக வைத்திருக்கிறோம் என்று அவர் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நண்பர் மாலை வேளையில் கெட்டம்பையிலிருந்து வாவிக்கரை வரை வண்டியோட்டிப் பார்த்தவர் அல்லர். கண்டி நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் இருக்கிறது. சுற்றிலும் மலை. ஆயிரக்கணக்கான வாகனங்கள் கக்கும் புகை மேலெழுந்து அகல வழியின்றி வீதியின்மேலேயே படிந்து நிற்கிறது. கண்ணாடியை இறக்கினால் முன்னே நிற்கும் பேருந்தின் கரும்புகை நேரே நெஞ்சுக்குள் போகும். கண்ணாடியை ஏற்றினாலோ, மழைக்காலத்தில் இரண்டு நிமிடத்துக்குள் முன்கண்ணாடி முழுவதும் ஆவி படர்ந்துவிடும். என் தாயாருக்கு வயது 84. நெடுநாளாக இழுப்பு நோய் உண்டு. மாதம் ஒருமுறை கொழும்பிலே வைத்தியரிடம் அவரை அழைத்துச் சென்று வருவது என் கடமை. ஆகவே எங்கள் வண்டியில் குளிர்சாதனம் அவருடைய மருந்துப் பெட்டியைப் போன்றதே.

சென்ற ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், கொழும்பிலிருந்து திரும்பி, மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னே பாரவண்டி ஒன்று ஆமைபோல் ஊர்ந்தது. இரண்டாம் கியரில் அதன் பின்னே நானும் ஊர்ந்தேன். திடீரென்று முன்பக்கத்தில் இரும்பை இரும்பு உரசும் ஓசை. அடுத்து, இறப்பர் கருகும் நாற்றம். குளிர்சாதனத்தின் விசையை நிறுத்தினேன். ஓசை நின்றது, ஆனால் நின்ற கணமே கண்ணாடியில் ஆவி படரத் தொடங்கிற்று. கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கினேன். மழைச் சாரலும் பாரவண்டியின் புகையும் ஒருங்கே உட்புகுந்தன. தாயார் இருமத் தொடங்கினார். பாறையைக் குடைந்த அந்தப் பழைய துளைக்குச் சற்று மேலே ஒரு தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் அவரை இருத்தி, மழை ஓயும்வரை ஒரு மணிநேரத்துக்கு மேல் காத்திருந்தேன்.

பழுதானது கொம்பிரசர் என்று கராஜுகளில் வழங்கும் அமுக்கும் யந்திரம். அது என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்கினாலன்றி, பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது. பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்றவன் ஆதலால், நேயர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும்.

உள்ளங்கையில் ஸ்பிரிட்டைத் தடவி ஊதினால் குளிர்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை நம் தோலிலிருந்து கவர்ந்து செல்வதே காரணம். குளிர்சாதனமும் இந்த ஒரே தத்துவத்தில்தான் இயங்குகிறது. இன்று நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவுக்கு அதை அமுக்கி வைத்தால், 2 அல்லது 3 பாகையில் கொதிக்கும். வண்டியின் உள்ளே, முகப்புப் பலகைக்குப் பின்னாலுள்ள சுருளில் அது அப்படிக் கொதிக்கும்போதுதான் நம் முகத்தில் குளிர்ந்த காற்று வீசுகிறது. அக்காற்றிலுள்ள ஈரமும் அச்சுருளிலேயே நீராக வடிந்துவிடும். வண்டிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழும் அந்நீரைக் கண்டு ஏதோ ஒழுகுகிறது என்று அஞ்சுவோர் பலர். அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியில் ஆவி படராமற் காப்பது ஈரம் நீங்கிய அந்தக் காற்றே.

சரி, ஆவியானதை மீண்டும் திரவமாக்க வேண்டுமே? இங்கேதான் கொம்பிரசர் வருகிறது. ஆவியை அது 200 இறாத்தல் அமுக்கத்துக்கு நெருக்கித் தள்ளுகிறது. அவ்வளவு அமுக்கத்தில் அந்த வாயு 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலேயே திரவமாக மாறும். ஆகவே 30 பாகையில் இருக்கும் வெளிக்காற்றுக்கூட அதற்குக் குளிர்ந்த காற்றாகிவிடுகிறது! வண்டியின் முகப்பில், ரேடியேற்றருக்கு முன்னே தட்டையாக நிற்கும் ஒடுக்கியில், அதாவது கொண்டென்சரில், வெளிக்காற்று பட்டதும் வாயு தன் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாகவே அதன் ஊடே பாயும். நிற்கும்போதும் ஊரும்போதும் ஒரு மின்விசிறி காற்றை இழுத்துக் கொடுக்கும். இந்த விசிறியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மறுநாள் வண்டியை நகருக்கு அண்மையிலிருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். "கொம்பிரசர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். உண்மையே. புதியது வாங்கக் கையிற் பணம் போதவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றியது இருக்கிறது என்றார்கள், சம்மதித்தேன். இதில் என்னைப் போன்றோரைக் குறை கூறிப் பயனில்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் மோட்டார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில் இருந்த வண்டியையே பேணி ஓட்டினோம். பழைய வண்டிக்குப் பழைய உறுப்பு என்பதே வழக்கமாயிற்று. அரை நாளில் வேலை முடிந்தது. குழாயைத் திறந்ததும் எஞ்சியிருந்த வாயு புஸ்ஸென்று முற்றத்துக் காற்றில் கலந்தது. பழையதைக் கழற்றி, வந்ததை மாட்டி, புதிய வாயுவை நிரப்பி, "கையை வைத்துப் பாருங்கள்" என்றார்கள். பனிக்கட்டிபோற் குளிர்ந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

அந்த மகிழ்ச்சி ஆறு வாரம் நீடித்தது. அதே ஏற்றம், அதே ஓசை, அதே நாற்றம். ஒரே வேறுபாடு, அன்று மழை இல்லை.

இரண்டாம் முறை ஓர் அயலவர் சொற்கேட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் தனியாக வேலை செய்யும் ஒருவரிடம் போனேன். நாற்பது வயதிருக்கும். என் நரைத்த தலையையும் பேச்சையும் கண்டு தொழிலை ஊகித்துவிட்டார் போலும். முதற் சொல்லே "மாஸ்டர்" என்றுதான். நான் நடந்தது முழுவதையும் கூறினேன். அவர் வண்டியைத் தொடவில்லை. "மாஸ்டர், போன முறை பழைய கொம்பிரசரைக் கழற்றியபோது அதன் எண்ணெயைப் பார்த்தார்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அது ஏன் இறுகிற்று என்று யாராவது சொன்னார்களா?" அதற்கும் இல்லை என்றேன். முப்பது ஆண்டுகளாக மாணவரிடம் 'ஏன்' என்ற வினாவையே கேட்டு வந்தவன் நான். பணங்கொடுக்கும் இடத்தில் அதைக் கேட்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கொம்பிரசர் கெட்டது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் மூன்று வகை உண்டு என்று அவர் விளக்கினார். முதலாவது, கொம்பிரசரை இயந்திரத்தோடு இணைக்கும் காந்தக் கிளச்சோ அதன் உருளையோ தேய்ந்துபோவது. அதற்குக் கிளச்சை மாத்திரம் மாற்றினாற் போதும். முழு யந்திரத்தையும் மாற்றச் சொல்வது வீண் செலவு. இரண்டாவது, தண்டின் முத்திரை கசிந்து, வாயுவும் அதனோடு எண்ணெயும் சிறிது சிறிதாக வெளியேறுவது. இதில் எண்ணெய்தான் முக்கியம். கொம்பிரசருக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. வாயுவோடு சேர்ந்து சுற்றிவரும் எண்ணெயே அதற்கு உயிர். வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும். மூன்றாவது வகையே கொடியது: உட்பகுதி உரசி நொறுங்கி, உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் பரவிவிடுவது.

என் வண்டியின் குழாயில் எஞ்சியிருந்த வாயுவை ஒரு கருவியினால் உருளைக்குள் இழுத்துச் சேகரித்த பின்னரே அவர் இணைப்பைத் திறந்தார். கொம்பிரசரைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கோப்பையிற் கவிழ்த்தார். வடிந்த எண்ணெய் சாம்பல் நிறமாக இருந்தது. கோப்பையை வெயிலிற் பிடித்து ஆட்டியபோது, ஆற்று மணலில் மின்னும் காக்காய்ப்பொன்போல அதற்குள் துகள்கள் மினுமினுத்தன. முதற் கொம்பிரசர் அரைத்துக் கொட்டிய துகள்களைக் கழுவாமல் அதே குழாய்களில் இரண்டாவதை மாட்டியிருக்கிறார்கள். அது நோயாளியின் படுக்கையை மாற்றாமல் அடுத்தவரைக் கிடத்தியதற்கு ஒப்பாகும்.

ஆயினும் முதலாவது எதனால் இறுகிற்று? அதற்கும் அவர் விடை கண்டார். வண்டியின் முகப்பு மூடியைத் திறந்து, கொண்டென்சரின் விசிறிக்கு நேராக மின்சாரம் கொடுத்தார். அது அசையவில்லை. கையால் ஒரு தட்டுத் தட்டியதும் சிறிது சுழன்று மீண்டும் நின்றது. விசிறியின் மோட்டாரிலுள்ள கரித்துண்டுகள் தேய்ந்துபோயிருந்தன. கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலே ஒரு கைப்பிடி அளவுக்கு வாகையிலையும் தூசியும் அடைந்திருந்தன.

நேயர்களே, இங்கே கண்டியின் நிலவமைப்பையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். சமவெளியில் நீண்ட நேர்வீதியில் ஓடும் வண்டிக்கு விசிறி நின்றுபோனாலும் ஓட்டத்தின் காற்றே ஓரளவு போதும். பழுது வெளியே தெரியாது. கண்டியைச் சூழ்ந்த வீதிகளிலோ, ஏற்றத்தில் இயந்திரம் முழுப்பலத்தோடு சுழல்கிறது, வண்டி மட்டும் நடைவேகத்தில் நகர்கிறது. கொம்பிரசர் மிக வேகமாக வாயுவைத் தள்ளுகிறது. அவ்வாயு தன் வெப்பத்தைக் கொட்டுவதற்குக் காற்று வருவதில்லை. 200 இறாத்தலில் நிற்க வேண்டிய அமுக்கம் 300, 350 என்று ஏறுகிறது. சூட்டில் எண்ணெய் மெலிந்து காப்பாற்றும் தன்மையை இழக்கிறது. கடுகண்ணாவையில் இருமுறையும் நேர்ந்தது இதுதான். கராஜில் கையை வைத்துப் பார்த்தபோது ஏன் குளிர்ந்தது என்றால், அங்கே இயந்திரம் மெதுவாகச் சுழன்றது, சோதனையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. விசிறியின் மோட்டாரைச் சீர்செய்ய ஆன செலவு, நான் இழந்த இரண்டு கொம்பிரசர்களின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். அதை இன்னும் என்னாற் சிரிப்போடு சொல்ல முடியவில்லை.

அவர் மூன்றாவது கொம்பிரசரைப் பொருத்திய முறையை ஒரு நாள் முழுவதும் அருகிலிருந்து பார்த்தேன். இம்முறை கடன்பட்டுப் புதியதையே வாங்கினேன். கொண்டென்சரையும் மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டேன். இக்காலக் கொண்டென்சரின் வழிகள் முடிபோல் நுண்ணியவை. அவற்றில் அடைந்த துகளை எந்தத் திரவத்தாலும் முற்றாகக் கழுவ இயலாது என்றார். ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் வாயுவை விரியவிடும் வால்வும்கூட மாறின. குழாய்களை மாத்திரம் கழுவிக் காற்றடித்து உலர்த்தினார். இணைப்புகளின் இறப்பர் வளையங்கள் யாவும் புதியவை. ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணெயில் தோய்த்தே இட்டார். எண்ணெயை அளவுக் குவளையில் அளந்து ஊற்றினார். குறைந்தால் உரசும், கூடினால் குளிர் குறையும், அமுக்கம் ஏறும். கொம்பிரசரின் தண்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு முறை மெல்லச் சுழற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயைப் பரவச் செய்தார்.

பின்பு வெற்றிடப் பம்பை இணைத்தார். வாயுவை நிரப்பு முன்னர் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றியாக வேண்டும். ஈரம் தங்கினால் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடு கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆனால் நீரைத் துடைத்தெடுக்க வழியேது? அதைக் கொதிக்க வைத்தே வெளியேற்ற வேண்டும், அதுவும் தீயில்லாமல்! அமுக்கத்தைப் பாதரசத்தின் ஓர் அங்குலத்துக்கும் கீழே குறைத்தால், நம் ஊரின் 25 பாகையிலேயே நீர் கொதித்துவிடும். பம்ப் செய்யும் வேலை அதுவே. அமுக்கமானியின் முள் 28 அங்குலத்தில் நின்றது. தகட்டிலே 30 வரை கோடு இருந்ததால், "தம்பி, இன்னும் இரண்டு அங்குலம் இருக்கிறதே, எங்கேயோ கசிகிறது போலும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "மாஸ்டர், அது கொழும்புக் கணக்கு" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வளிமண்டல அமுக்கம் உயரத்தோடு குறையும் என்பதை எத்தனை வகுப்புகளுக்குக் கற்பித்திருப்பேன்! கடற்கரையில் ஏறக்குறைய 30 அங்குலமாக இருக்கும் அமுக்கம் கண்டியில் 28 அங்குலத்துக்குச் சற்று மேலேதான். வெளியே இருப்பதே அவ்வளவுதான் என்றால் அதற்கு மேல் எதை வெளியேற்றுவது? நுவரெலியாவிலே முள் 24 அங்குலத்தோடு நின்றுவிடும். ஒரு மணிநேரம் பம்ப் ஓடியது. பின் அதை நிறுத்திவிட்டு, முள் அசைகிறதா என்று அரை மணிநேரம் பார்த்திருந்தார். அசையவில்லை, கசிவு இல்லை. அதன் பிறகே வாயு. முகப்பு மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள தாளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருந்ததோ, அத்தனை கிராமைத் தராசில் நிறுத்தே நிரப்பினார்.

கலப்பின வண்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். நம் நாட்டில் மலிந்துள்ள பிரியஸ், அக்வா போன்றவற்றில் கொம்பிரசரைப் பட்டி சுழற்றுவதில்லை. உயர் வோல்ற் மின்சாரமே சுழற்றுகிறது. அதன் மின்சுருள் எண்ணெயிலேயே தோய்ந்திருக்கும். ஆகவே மின்சாரத்தைக் கடத்தாத தனி எண்ணெய் அதற்கு வேண்டும். சாதாரண வண்டியின் எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் கெட்டுவிடும். வண்டியே ஓட மறுக்கும். செம்மஞ்சள் நிறக் கம்பியைத் தொடுவது உயிருக்கும் ஆபத்து. பயிற்சி பெற்றவரிடமன்றி வேறெவரிடமும் அவ்வண்டிகளைக் கொடுத்தலாகாது.

முதற் கராஜின் முற்றத்தில் புஸ்ஸென்று பறந்த வாயுவைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. மோட்டார் வண்டியில் குளிர்சாதனத்தை முதன்முதல் விற்பனைக்கு வைத்தது 1939 இல் அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனி. அதற்குக் கிளச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கிப் பட்டியைக் கழற்ற வேண்டும்! பின்னர் பல்லாண்டுகளாக வண்டிகளில் இருந்தது ஆர்-12 என்னும் வாயு. அவ்வகை வாயுக்கள் வான்வெளியின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974 இல் அறிவித்தனர். 1985 இல் தென்துருவத்துக்கு மேலே அப்படலம் மெலிந்துபோன செய்தி வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கை 1989 இல் அதிற் சேர்ந்தது. ஆர்-12 நீங்கி வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. எனினும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றலில் அதன் ஒரு கிலோகிராம், கரியமில வாயுவின் ஏறக்குறைய 1,400 கிலோகிராமுக்குச் சமம். ஆகையால் அதையும் படிப்படியாகக் குறைப்பதென்று 2016 இல் கிகாலி நகரில் உலக நாடுகள் முடிவுசெய்தன. சிறு வண்டியொன்றில் அரைக் கிலோகிராம் அளவுக்கு அந்த வாயு இருக்கும். இரண்டாமவர் அதை உருளைக்குள் இழுத்து வைத்ததற்கும் முதலிடத்தார் திறந்துவிட்டதற்கும் உள்ள வேறுபாட்டை நேயர்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

மலிவு வாயுவையும் நம்பக் கூடாது. ஆர்-134ஏ என்று பெயரெழுதிய உருளைகளில் வேறு பொருள் அடைத்து விற்பது உலகெங்கும் உள்ள கேடு. 2011 இல் கப்பற் கொள்கலன்களின் குளிரூட்டிகளில் மெதைல் குளோரைட்டுக் கலந்த போலி வாயு புகுந்து, அலுமினியத்தோடு தாக்கமுற்று, அவை வெடித்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. உருளை எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நல்ல வேலையாள் அக்கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.

தை மாதத்தில் மீண்டும் கொழும்புக்குப் போய் வந்தோம். கடுகண்ணாவையில் வழக்கம்போல் ஒரு பாரவண்டி எங்களுக்கு முன்னே ஊர்ந்தது. நான் வானொலியை நிறுத்திவிட்டு, முன்னே விசிறி சுழலும் ஓசையைச் செவிமடுத்துக்கொண்டே ஏறினேன். பிலிமத்தலாவையை நெருங்கும்போது, பின்னாசனத்திலிருந்து தாயாரின் குரல் கேட்டது: "தம்பி, குளிர் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைத்து விடு."